தேவன் முன்குறித்தார் என்றால், நான் விசுவாசித்தது யாருடைய முடிவு?

கேள்வி இதுதான்: "உலகத்தோற்றத்துக்கு முன்னே தேவன் நம்மைத் தெரிந்துகொண்டார் என்று எபேசியர் முதல் அதிகாரம் சொல்கிறது. அப்படியானால் நான் விசுவாசித்தது என் முடிவா, அவருடைய முடிவா? அவருடையது என்றால் விசுவாசியாதவனை எப்படிக் குற்றப்படுத்த முடியும்? என்னுடையது என்றால் இரட்சிப்பைக் கிருபை என்று எப்படிச் சொல்வது?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவன் இரட்சிக்கப்பட்டால் அதன் மகிமை முழுவதும் தேவனுக்கே. ஒருவன் கெட்டுப்போனால் அதன் பொறுப்பு முழுவதும் அவனுக்கே. தர்க்கத்துக்கு இது ஒப்பாதது போலத் தோன்றும். ஆனால் வேதம் இந்த இரண்டையும் ஒரே தராசின் இரு தட்டுகளாக வைக்கவில்லை. இந்தச் சமமின்மையை விட்டுக்கொடுத்தவர்கள் எந்தப் பக்கம் போனாலும் வேதத்தின் பாதியைக் கைவிட வேண்டியதாயிற்று என்பதே இந்த விஷயத்தில் நான் படித்துக் கண்டது.

பலருக்கு இந்தக் கேள்வி ஆரம்பத்திலேயே தடம் மாறிவிடுகிறது. இரட்சிப்பில் தேவனுடைய பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று பிரிக்கத் தொடங்குகிறார்கள். 99 சதவீதம் அவர், 1 சதவீதம் நான் என்று பணிவாகச் சொல்பவர்களும் உண்டு. அந்தப் பணிவில் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லாருக்கும் தேவன் அதே 99-ஐக் கொடுத்திருந்தால், பரலோகத்துக்கும் நரகத்துக்கும் இடையில் நின்று தீர்மானிப்பது அந்த 1 சதவீதம்தான். மேன்மைபாராட்ட வேறென்ன வேண்டும்? ஒரு பாரத்தை இரண்டு பேர் தூக்கும்போது ஒருவர் கூடுதலாகத் தாங்கினால் மற்றவருக்கு அந்த அளவு குறையும். சிருஷ்டிகருக்கும் சிருஷ்டிக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டதே அல்ல. அவர் என் பக்கத்தில் நிற்கும் இன்னொரு ஆள் அல்ல; நான் இருப்பதும் விரும்புவதும் அவரால்தான். 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் முதற்காரணம், இரண்டாங்காரணம் என்று பிரித்துப் பேசியதன் சாரமும் இதுவே: ஒரே செயல் முழுவதும் தேவனுடையதாகவும், வேறொரு தளத்தில் முழுவதும் மனிதனுடையதாகவும் இருக்க முடியும்.

இது தத்துவ விளையாட்டு என்று நினைப்பவர்கள் அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். இந்தப் பொருளில் எனக்கு மிகவும் உதவிய அதிகாரம் அது. பவுலைக் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகும் கப்பல் கடும் புயலில் சிக்குகிறது. கப்பலில் 276 பேர். தப்பிப்பிழைப்போம் என்ற நம்பிக்கை எல்லாருக்கும் அற்றுப்போன வேளையில், இராத்திரியில் தேவதூதன் தன்னிடத்தில் வந்து நின்றதாகப் பவுல் சொல்கிறார். "கப்பற்சேதமேயல்லாமல் உங்களில் ஒருவனுக்கும் பிராணச்சேதம் வராது" என்பது அவர் கொடுக்கும் உறுதி. நிபந்தனை எதுவும் இல்லை. தேவன் சொல்லிவிட்டார், காரியம் முடிந்தது.

கொஞ்சம் கழித்து, நங்கூரம் போடப் போகிறோம் என்ற பாவனையில் கப்பலாட்கள் படவை இறக்கித் தப்பியோடப் பார்க்கிறார்கள். அப்போது அதே பவுல் நூற்றுக்கு அதிபதியிடம் சொல்கிறார்: "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்." போர்ச்சேவகர் படவின் கயிறுகளை அறுத்து அதை விழவிடுகிறார்கள். ஒருவனும் சாகமாட்டான் என்று தேவன் வாக்குக் கொடுத்த பிறகு, கப்பலாட்கள் ஓடினால் என்ன, இருந்தால் என்ன? பவுலுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. வாக்குத்தத்தம் உறுதியானது, அது நிறைவேறுகிற வழியில் கப்பலாட்களின் கைகளும் சேவகர் அறுத்த கயிறும் உண்டு. முடிவை நியமித்தவர் வழியையும் நியமித்தார். அதனால் அந்த வழியில் மனிதர் எடுக்கும் முடிவுகள் வெறும் நாடகமாகிவிடவில்லை. இரண்டு வசனங்களுக்கும் நடுவே விளக்கம் சொல்ல, அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா ஒரு வரிகூடச் செலவழிக்கவில்லை.

சிலுவையிலும் இதே காரியம்தான், இன்னும் கூர்மையாக. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு பிரசங்கிக்கையில், இயேசு "தேவன் நிர்ணயித்திருந்த ஆலோசனையின்படியேயும் அவருடைய முன்னறிவின்படியேயும்" ஒப்புக்கொடுக்கப்பட்டார் என்கிறார். அதே மூச்சில், நீங்கள் அவரைக் கொலைசெய்தீர்கள் என்றும் சொல்கிறார். தேவன் நிர்ணயித்ததுதானே, எங்கள்மேல் என்ன குற்றம் என்று எவரும் வாதாடவில்லை. கேட்டவர்கள் இருதயத்தில் குத்தப்பட்டு, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்றே கேட்டார்கள். யூதாசைப் பற்றி இயேசு சொன்னதும் அப்படியே: மனுஷகுமாரன் தீர்மானிக்கப்பட்டபடியே போகிறார், ஆனாலும் அவரைக் காட்டிக்கொடுக்கிற மனுஷனுக்கு ஐயோ. தீர்மானமும் ஐயோவும் ஒரே வாக்கியத்தில் நிற்கின்றன.

சரி, சித்தம் என்றால் என்ன? சுயாதீனம் என்பதை, எந்தப் பக்கமும் சாயாத ஒரு நடுநிலை என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி ஒரு நடுநிலையில் நின்று யாரும் எதையும் தெரிந்துகொள்வதில்லை. எதை நேசிக்கிறோமோ அதைத்தான் தெரிந்துகொள்கிறோம். "பாவஞ்செய்கிற எவனும் பாவத்துக்கு அடிமையாயிருக்கிறான்" என்று இயேசு சொன்னபோது, கைகால் கட்டப்பட்ட அடிமைத்தனத்தைச் சொல்லவில்லை. விரும்பியே செய்கிறான்; வேறு எதையும் விரும்ப முடியாதவனாகவும் இருக்கிறான். 1754-இல் அமெரிக்க இறையியலாளர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் சித்தத்தின் சுயாதீனம் பற்றி எழுதிய நூலில் இயல்பான இயலாமை, ஒழுக்க இயலாமை என்று இதைப் பிரித்தார். கால் இல்லாதவனை நடக்கவில்லையே என்று குற்றம் சொல்ல முடியாது. பகைவனை மன்னிக்க மனமே வரவில்லை என்கிறவனை, மனம் வரவில்லை என்பதற்காகக் குற்றமற்றவன் என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள். அந்த மனம் வராமைதான் அவனுடைய குற்றம்.

எனவே "விசுவாசிக்க விரும்பியும் முன்குறிக்கப்படாததால் உள்ளே விடப்படாதவன்" என்று ஓர் ஆள் எங்கும் இல்லை. கதவைத் தட்டிக்கொண்டே நின்று, பட்டியலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒருவரையும் வேதத்தில் காட்ட முடியாது. யோவான் 6-ஆம் அதிகாரத்தில் ஒரே பிரசங்கத்தில் இரண்டும் வருகின்றன. "என்னை அனுப்பின பிதா ஒருவனை இழுத்துக்கொள்ளாவிட்டால் அவன் என்னிடத்தில் வரமாட்டான்" என்பது 44-ஆம் வசனம். "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்பது 37-ஆம் வசனம். முதலாவது வசனத்தைக் கொண்டு இரண்டாவதன் வாசலை அடைப்பவர்களும் தவறு செய்கிறார்கள்; இரண்டாவதைக் கொண்டு முதலாவதன் கனத்தைக் குறைப்பவர்களும் தவறு செய்கிறார்கள்.

சபை வரலாற்றில் இந்த விவாதம் எப்படி நடந்தது என்று தெரிந்தால், இன்று நடக்கும் சண்டைகளில் பாதி தேவையற்றவை என்பது புரியும். 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாகியுஸ் என்ற போதகர், மனிதன் தன் சொந்தச் சித்தத்தாலேயே பாவமின்றி வாழ முடியும் என்றார். நீர் கட்டளையிடுவதைத் தாரும், பிறகு நீர் விரும்புவதைக் கட்டளையிடும் என்று வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்டின் எழுதியிருந்த ஜெபம் பெலாகியுசுக்கு எரிச்சலூட்டியது. அப்படி ஜெபித்தால் மனிதன் சோம்பேறியாகிவிடுவான் என்பது அவருடைய பயம். 418-இல் கார்த்தேஜ் நகரில் ஆயர்கள் கூடிய சங்கம் பெலாகியுசின் போதனையை நிராகரித்தது. 431-இல் எபேசு பொதுச்சங்கமும் அவருடைய கூட்டத்தாரைக் கண்டித்தது. பிறகு, முதல் அடியை மனிதன் எடுத்து வைப்பான், மீதியைக் கிருபை செய்யும் என்ற நடுவழி ஒன்று தெற்கு கால் தேசத்து (இன்றைய பிரான்ஸ்) மடங்களில் பரவியது. 529-இல் அங்கே ஆரஞ்சு என்ற ஊரில் கூடிய இரண்டாம் ஆரஞ்சு சங்கம் அதையும் மறுத்து, விசுவாசத்தின் தொடக்கமும் கிருபையே என்றது. அதே சங்கம், தீமைக்கென்று தேவன் சிலரை முன்குறித்தார் என்று சொல்பவர்களையும் அருவருப்போடு சபித்தது. நான் மேலே சொன்ன சமமின்மை அங்கே 25 விதிகளாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு சிறிய ஒரு சங்கம் இவ்வளவு தெளிவாகப் பேசியது எனக்கு இன்றும் வியப்பு.

சீர்திருத்த காலத்தில் டச்சு அறிஞர் எராஸ்முஸ் 1524-இல் சுயாதீன சித்தத்தை ஆதரித்து எழுதினார். அடுத்த ஆண்டே சீர்திருத்தவாதி லூத்தர் அடிமைப்பட்ட சித்தம் என்று பதில் எழுதினார். போப்பு, பாவமன்னிப்புச் சீட்டு என்று சில்லறைகளைத் தொடாமல் விஷயத்தின் உயிர்நாடியைப் பிடித்தவர் நீர் ஒருவரே என்று லூத்தர் எராஸ்முசைப் பாராட்டியதும் அந்த நூலில்தான்.

சீர்திருத்தவாதி கால்வின், டச்சு இறையியலாளர் ஆர்மீனியுஸ் ஆகியோரின் பெயரால் இன்று "கால்வினியம், ஆர்மீனியம்" என்று பேசும் அணிபிரிப்பு நெதர்லாந்தில் பிறந்தது. ஆர்மீனியுஸ் 1609-இல் இறந்தார். அடுத்த ஆண்டு அவரைப் பின்பற்றியவர்கள் ஐந்து கோட்பாடுகளை முன்வைத்தார்கள். 1618 நவம்பரில் தொடங்கி 1619 மே வரை நெதர்லாந்தின் டோர்ட் நகரில் நடந்த டோர்ட் சங்கம் அவற்றை நிராகரித்தது. அரசியலும் இதில் கலந்தது. சங்கம் முடிவடைந்த அதே மாதத்தில், ஆர்மீனியர்களுக்கு ஆதரவாயிருந்த முதிய அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் தலைவெட்டப்பட்டார். கிருபையைப் பற்றிய விவாதம் ஒன்றின் அருகே இப்படி ஒரு கொலைமேடை நின்றது கிறிஸ்தவர்கள் வெட்கப்பட வேண்டிய காரியம்.

அந்த ஆவணங்களை நேரடியாக வாசிப்பவர்கள் குறைவு. அதனால்தான் இரு தரப்பையும் பற்றி வதந்திகள் உலவுகின்றன. ஆர்மீனியர்களின் மூன்றாவது கோட்பாடு, மனிதனுக்கு இரட்சிக்கும் விசுவாசம் தன்னால் உண்டாவதில்லை, தன் சுயாதீன சித்தத்தின் பலத்தாலும் உண்டாவதில்லை என்றே சொல்கிறது. நாலாவது கோட்பாடு, கிருபையே நன்மையின் தொடக்கமும் தொடர்ச்சியும் முடிவும் என்கிறது; ஆனால் அந்தக் கிருபையை எதிர்த்து நிற்க முடியும் என்கிறது. இவர்களைப் பெலாகியுசின் பிள்ளைகள் என்பது அவதூறு. மறுபக்கம், டோர்ட் சங்கம் மனிதனைப் பொம்மையாக்கியது என்பதும் அவதூறுதான். மறுபிறப்பின் கிருபை மனிதரைக் கட்டையாகவும் கல்லாகவும் நடத்துவதில்லை, சித்தத்தை அழிப்பதில்லை, உயிர்ப்பிக்கிறது என்று அதன் தீர்மானம் சொல்கிறது. இன்னொன்றும் சொல்கிறது: அவிசுவாசத்தின் காரணம் எவ்விதத்திலும் தேவனில் இல்லை, மனிதனில் இருக்கிறது, விசுவாசமோ தேவனுடைய ஈவு. ஆரஞ்சின் குரல் டோர்டிலும் கேட்கிறது.

அப்படியானால் உண்மையான வேறுபாடு எங்கே? ஒரே இடத்தில்தான். இரண்டு பேர் ஒரே பிரசங்கத்தைக் கேட்கிறார்கள். ஒருவன் விசுவாசிக்கிறான், மற்றவன் போய்விடுகிறான். ஏன்? விசுவாசிப்பான் என்று தேவன் முன்னறிந்தவனை அவர் தெரிந்துகொண்டார் என்பது ஆர்மீனிய பதில். தேவன் தெரிந்துகொண்டதனால் அவன் விசுவாசித்தான் என்பது கால்வினிய பதில். மோலினா என்ற ஸ்பானிய இயேசு சபை இறையியலாளர் 1588-இல் மூன்றாவது ஒன்றைச் சொன்னார்: எந்தச் சூழ்நிலையில் யார் சுயமாய் என்ன முடிவெடுப்பார் என்று தேவனுக்குத் தெரியும், அதை அறிந்தே உலகத்தை அப்படி அமைத்தார். அதன்மேல் ரோமில் பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. 1607-இல் ஐந்தாம் பவுல் போப்பு எந்தத் தரப்புக்கும் தீர்ப்பளிக்காமல், ஒருவரையொருவர் மதவிரோதி என்று சொல்லக்கூடாது என்று நிறுத்தினார். அது கோழைத்தனம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது ஞானமாகவே படுகிறது.

முன்னறிவினால் மட்டும் கேள்வி தீர்ந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. நாளை ஒருவன் விசுவாசிக்கமாட்டான் என்று அறிந்தே தேவன் அவனைச் சிருஷ்டித்தார் என்றால், "ஏன் சிருஷ்டித்தார்?" என்ற கேள்வி ஆர்மீனியருக்கும் அப்படியே நிற்கிறது. அப்போஸ்தலர் 13:48 "நித்திய ஜீவனுக்கு நியமிக்கப்பட்டவர்கள் எவர்களோ அவர்கள் விசுவாசித்தார்கள்" என்கிறது. பவுல் பேசியதைக் கேட்ட லீதியாள் என்ற பெண்ணின் இருதயத்தைக் கர்த்தர் திறந்தருளினார் என்கிறது அதே புத்தகத்தின் 16-ஆம் அதிகாரம். இந்த வரிசையைத் தலைகீழாக்க என்னால் முடியவில்லை. ஆகவே தெரிந்துகொள்ளுதல் முந்தியது, விசுவாசம் அதன் கனி என்ற பக்கமே நான் நிற்கிறேன். ஆனால் அதே தர்க்கத்தை நீட்டி, மற்றவர்கள் இரட்சிக்கப்படத் தேவனுக்கு விருப்பமில்லை என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. "எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படவும், சத்தியத்தை அறிகிற அறிவை அடையவும், அவர் சித்தமுள்ளவராயிருக்கிறார்" என்று 1 தீமோத்தேயு 2:4 சொல்கிறது. எருசலேமைப் பார்த்து இயேசு சொன்னதும் மத்தேயு 23:37-இல் இருக்கிறது: "எத்தனைதரமோ உன் பிள்ளைகளைக் கூட்டிச் சேர்த்துக்கொள்ள மனதாயிருந்தேன், உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று." இந்த வசனங்களில் "எல்லா" என்பதை "எல்லா வகையான" என்று சுருக்குவதும், அந்தப் புலம்பலை வெறும் பேச்சு நடை என்று ஒதுக்குவதும் எனக்குச் சம்மதமில்லை.

நியாயமா என்ற கேள்விக்கு எல்லாரும் ரோமர் 9-க்கு ஓடுகிறார்கள். குயவன், களிமண், பார்வோன். பார்வோனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் இருதயத்தைக் கடினப்படுத்துவேன் என்று தேவன் முன்பே சொல்லியிருந்தது உண்மை. ஆனால் வாதைகள் வரிசையாக வரும்போது யாத்திராகமம் 8-ஆம் அதிகாரத்தில் பார்வோனே தன் இருதயத்தைக் கடினப்படுத்துகிறான், அதுவும் இலகுவு கிடைத்த உடனே. கர்த்தர் பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்தினார் என்று நடந்த காரியமாக முதலில் எழுதப்படுவது ஆறாம் வாதையில், கொப்புளங்களின்போது. தேவன் ஒரு நல்ல மனிதனைக் கெடுக்கவில்லை. இஸ்ரவேலின் ஆண்பிள்ளைகளை நதியில் போட்ட அரசகுலத்தின் சிங்காசனத்தில் இருந்தவனை, அவன் விரும்பிய வழிக்கே ஒப்புக்கொடுத்தார்.

ரோமர் 9-ஐ அதன் முதல் வசனங்களிலிருந்து வாசிக்காதவர்களே அதிகம். தன் ஜனத்துக்காக இருதயத்தில் இடைவிடாத மனவேதனை உண்டு, அவர்களுக்காகச் சபிக்கப்பட்டவனாகவும் ஆயத்தம் என்று சொல்லித்தான் பவுல் அந்த அதிகாரத்தைத் திறக்கிறார். குயவனைப் பற்றி எழுதி முடித்த கையோடு 10:1-இல், இஸ்ரவேலர் இரட்சிக்கப்பட வேண்டும் என்பதே தன் இருதயத்தின் விருப்பமும் விண்ணப்பமும் என்கிறார். முன்குறித்தலைப் பற்றி வேதத்திலேயே மிகக் கடுமையாக எழுதியவர், அதற்கு முன்னும் பின்னும் அழிந்துபோகிறவர்களுக்காகத் தவிக்கிறார். முன்குறித்தலைப் பேசும் ஒருவருக்கு இந்தத் தவிப்பு இல்லையென்றால், அவர் பவுலின் போதனையைக் கற்றுக்கொள்ளவில்லை என்று நான் துணிந்து சொல்வேன். வாதம் முடியும் இடம் 11:32: எல்லார்மேலும் இரக்கமாயிருக்கத்தக்கதாக. அதன்பின் வருவது, "ஆ!" என்று தொடங்கும் துதி.

எல்லாரையும் இரட்சிக்கச் சித்தமுள்ளவர் ஏன் எல்லாருடைய இருதயத்தையும் லீதியாளின் இருதயத்தைப்போலத் திறக்கவில்லை? இதற்கு வேதம் பதில் தரவில்லை. யாரிடத்திலும் கடன்படாதவர் சிலருக்கு இரக்கம் காட்டியது அநியாயம் ஆகாது என்பதுவரை பவுல் சொல்கிறார், அதற்குமேல் போகவில்லை. நானும் போகமாட்டேன்.

முழங்காலில் நிற்கும்போது எந்த அணியும் இல்லை என்பதையும் கவனித்துப் பாருங்கள். ஆர்மீனிய விசுவாசி தன் மகனுக்காக ஜெபிக்கும்போது, "கர்த்தாவே, அவன் இருதயத்தை மாற்றும்" என்றுதான் ஜெபிக்கிறார். அவன் சித்தத்தில் தலையிடாதேயும் என்று யாரும் ஜெபிப்பதில்லை. கால்வினிய விசுவாசி பாவ அறிக்கை செய்யும்போது, "நான் செய்தேன்" என்கிறார். நீர் நியமித்தீர் என்று சொல்வதில்லை. நன்றி சொல்லும்போது இருவரும், என்னைத் தேடி வந்தீரே என்கிறார்கள். ஜெபத்தில் இருவரும் ஒன்றுபோலப் பேசுவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. "தேவனே தம்முடைய தயவுள்ள சித்தத்தின்படி விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவராயிருக்கிறார்" என்பதைக் காரணமாகக் காட்டித்தான், இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்று பிலிப்பியருக்குப் பவுல் எழுதுகிறார்.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் சிலருக்கு உள்ளே வேறொரு பயம் இருக்கும்: ஒருவேளை நான் தெரிந்துகொள்ளப்படாதவனோ? உங்களுக்கு அந்தப் பயம் இருந்தால், தேவனுடைய இரகசிய ஆலோசனைக்குள் எட்டிப்பார்த்துப் பதில் தேட வேண்டாம். அங்கே பார்க்க யாருக்கும் வழியில்லை. கிறிஸ்துவினிடத்தில் வாருங்கள், வருகிறவனை நான் தள்ளுவதில்லை என்றவர் அவரே. கால்வினும் தெரிந்துகொள்ளுதலின் கண்ணாடி கிறிஸ்துவே என்றுதான் போதித்தார். வர வேண்டும் என்ற ஏக்கம் உங்களுக்குள் இருக்கிறது என்றால், அது எங்கிருந்து வந்தது என்று யோவான் 6:44 ஏற்கெனவே சொல்லியிருக்கிறது.

முன்குறித்தல் சுவிசேஷ ஊழியத்தைக் கொன்றுவிடும் என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. 18-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் பிரசங்கிமார் இருவரைப் பாருங்கள்: ஜார்ஜ் விட்ஃபீல்ட் முன்குறித்தலை நம்பினார், ஜான் வெஸ்லி அதை எதிர்த்து 1739-இல் பிரசங்கித்தார், இருவரும் வெளிப்படையாகவே மோதினார்கள். ஆனாலும் இருவருமே வெட்டவெளியில் ஆயிரக்கணக்கானோருக்கு ஓயாமல் பிரசங்கித்தார்கள். 1770-இல் விட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான். கொரிந்துவில் பவுல் பயந்திருந்த இராத்திரியில் கர்த்தர் சொன்னதும் இதையே: பயப்படாமல் பேசு, மவுனமாயிராதே, "இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு." அவர்கள் ஏற்கெனவே அவருடையவர்கள், இன்னும் விசுவாசியாதவர்கள். அநேக ஜனங்கள் உண்டு என்றால் நான் எதற்கு என்று பவுல் மூட்டைகட்டிப் புறப்படவில்லை. ஒரு வருஷமும் ஆறு மாதமும் அங்கே தங்கி, தேவவசனத்தை உபதேசித்துக்கொண்டிருந்தார்.